காலில் கட்டோடு கும்பிடுகிற பிள்ளைகளுக்கு

தம்பிகளே, தங்கைகளே, மைதானத்தில் ஒரு பிள்ளை முட்டியைப் பிடித்துக்கொண்டு விழும்போது வாயில் முதலில் வருவது டாக்டர் பேர் இல்லை. "முருகா" என்று கத்தும், "யேசப்பா" என்று கத்தும், "யா அல்லாஹ்" என்று கத்தும். ஓட்டக்காரர்களையும் கபடிக்காரர்களையும் பழக்கியே தலை நரைத்த உடற்கல்வி ஆசிரியன் நான். இந்தக் கூப்பாடுகளை எல்லாம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஐஸ் எப்படி வைப்பது என்று சொல்லித்தர விளையாட்டு விடுதியில் ஆள் உண்டு. பயிற்சி அட்டவணை போட்டுத்தரவும் ஆள் உண்டு. அடிபட்டுப் படுத்திருக்கும் மாதங்களில் சாமியிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது என்று சொல்லித்தர யாரும் இல்லை. வீட்டில் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார். சபையில் பேர் சொல்லி ஜெபிப்பார்கள். தர்காவிலிருந்து ஓதிய தண்ணீர் வரும். இவ்வளவு அன்பையும் வாங்கிக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகு நீ மட்டும் தனியாக விழித்துக் கிடப்பாய். அப்போது மனசில் என்னென்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். நான் சாமி கும்பிடுகிறவன். ஆனால் இதை எல்லாச் சாமியின் பிள்ளைகளுக்கும், சாமியே வேண்டாம் என்கிற பிள்ளைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. அடிபட்ட முதல் ஒரு மணி நேரம் காயத்துக்கு உரியது. ஆட்டத்தை நிறுத்து. ஐஸ் வை, துணி சுற்று, காலை உயர்த்தி வை. கால் ஊன்ற முடிகிறதா, விழும்போது 'டப்' என்று உள்ளே சத்தம் கேட்டதா என்று பயிற்சியாளரிடம் உள்ளது உள்ளபடி சொல். சுளுக்கு எடுக்கிறவரிடம் போய் உருவிவிட்டுக்கொள்ளாதே. எலும்பில் விரிசல் இருந்தால் அது படத்தில்தான் தெரியும், விரலுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே போ. அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

2023 ஜனவரி 2ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் டமார் ஹாம்லின் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மார்பில் மோதல் வாங்கினார். எழுந்து நின்றவர் அப்படியே சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. மருத்துவக் குழு ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கியது. சக வீரர்கள் சுற்றிலும் முழங்காலிட்டு ஜெபித்தார்கள். அழுத்துகிற கைகளுக்கு இடம் விட்டு, தள்ளியிருந்து ஜெபித்தார்கள் என்பதைப் பார். அதே ஆண்டில் ஹாம்லின் மறுபடி ஆட வந்தார். என் மைதானத்திலும் அந்த ஒழுங்கு வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2. காயம் தண்டனை இல்லை. இதை மட்டும் நீ மனசில் ஏற்றிக்கொண்டால் மற்றதையெல்லாம் மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

படுத்திருக்கும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவருவார்கள். "கண்ணு பட்டுருச்சு." "போன வருஷம் நேர்ந்துக்கிட்டதைச் செஞ்சீங்களா?" "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வராம மேட்ச்சுக்குப் போனான்ல?" பிள்ளையும் தன் பங்குக்குத் தேட ஆரம்பிக்கும். அம்மாவிடம் பொய் சொன்னது, நோன்பை விட்டது, எதிராளி விழுந்தபோது உள்ளூரச் சிரித்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதை முட்டியோடு முடிச்சுப் போடும்.

முட்டி ஏன் போனது என்பதற்குப் பெரும்பாலும் பதில் தரையிலேயே கிடைக்கும். இரண்டு வாரத்தில் ஓட்ட தூரத்தை இரண்டு மடங்காக்கியிருப்பாய். தூக்கம் போதாது. ஷூவின் அடி தேய்ந்திருக்கும். கபடித் தளத்தில் ஒரு பக்கம் மண் இறுகியும் மறுபக்கம் பொலபொலவென்றும் இருந்திருக்கும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கும் பழக்கம் திருத்தப்படாமல் விட்டுப்போயிருக்கும். ஓடும் ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தாமல் மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு எலும்பு வலுவிழந்து விரிசல் விடும். இவற்றில் பலவற்றைத் திருத்த முடியும். பாவத்தைக் காரணமாகச் சொல்லிவிட்டால் திருத்த வேண்டியதை யாரும் திருத்த மாட்டார்கள். அடுத்த பிள்ளையும் அதே தளத்தில் விழும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் வேகப்பந்து வீச்சாளர் தங்கராசு நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். ஊர் திரும்பி 2021 ஜனவரியில் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரலில் அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. முடி கொடுத்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. முருகன் காணிக்கையை வாங்கிக்கொள்ளவில்லை என்றா சொல்வாய்? ஆஸ்திரேலியாவில் அந்தக் கால் எவ்வளவு ஓடியது, எத்தனை முறை ஓங்கித் தரையில் ஊன்றியது என்றுதான் நான் நினைத்துப் பார்ப்பேன்.

வேதங்களும் இதைப் பேசியிருக்கின்றன. நல்லவனாக வாழ்ந்த யோபுவுக்கு உடம்பெல்லாம் புண். பார்க்க வந்த நண்பர்கள், நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய் என்று அத்தியாயம் அத்தியாயமாகச் சாதிக்கிறார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைத்தான் கண்டிக்கிறார். இஸ்லாத்தில் அவர் அய்யூப் நபி. பொறுமைக்கு அடையாளமாகப் போற்றப்படுகிறாரே தவிர, குற்றவாளியாகப் பார்க்கப்படுவதில்லை. யோவான் சுவிசேஷத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, இவன் பெற்றோரும் இல்லை என்று இயேசு மறுக்கிறார்.

மதமும் மனமும் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட்டும் அவர் குழுவும் 2001இல் வயதான நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, இது சாத்தானின் வேலையோ என்று உள்ளே போராடியவர்களில் இறப்பு கூடுதலாக இருந்தது. முதியவர்களிடம் கண்டதை இளம் வீரர்களுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் என் கண்ணெதிரே பார்த்ததைச் சொல்கிறேன். தண்டனை என்று நம்புகிற பிள்ளை வலியை மறைக்கும், டாக்டரிடம் தாமதமாகப் போகும், பயிற்சியை அரை மனசோடு செய்யும். தண்டனைக் காலம் முடியட்டும் என்று காத்திருக்கிற மாதிரிக் கிடக்கும்.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. தீட்டு நேரத்தில் ஓடியதால்தான், தீட்டோடு சாமிப் பொருளைத் தொட்டதால்தான் கால் போனது என்று உன்னிடம் யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நம்பாதே. அடிபட்டுக் கிடக்கும் பெண் பிள்ளையிடம் அதைச் சொல்வது கொடுமை. அப்படிப் பேசுகிறவர்களை அறைக்குள் விடாதீர்கள் என்று பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

3. "எல்லாம் நன்மைக்கே" என்று முதல் வாரத்திலேயே நீ சொல்லியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. மாநிலப் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜவ்வு கிழிந்தால் அது நட்டம்தான். அழு. சாமியோடு சண்டை போடு.

நம் பெரியவர்களில் சுந்தரர் அளவுக்குச் சாமியோடு சண்டை போட்டவர் யாரும் இல்லை. திருவொற்றியூரில் செய்த சபதத்தை மீறியதால் கண்ணிழந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தக் கதையில் தண்டனை இருக்கிறதே என்று நீ மடக்கலாம். இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது அதற்கப்புறம் வருவதை. வழியெல்லாம் இறைவனிடம் உரிமையோடு முறையிட்டுக்கொண்டே அவர் நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல்தான் கிடைக்கிறது. காஞ்சிபுரத்தில் இடக்கண். திருவாரூரில்தான் வலக்கண். சிவனுக்கு அத்தனை நெருங்கிய தோழருக்கே ஒரே நாளில் எல்லாம் திரும்பிவிடவில்லை. கோல் கிடைத்த ஊரில் அவர் உட்கார்ந்துவிடவும் இல்லை. ஊன்றுகோலோடு நடக்கிற மாதத்தில் இந்தக் கதையை நினைத்துக்கொள்.

4. வேண்டுதலில் தேதி வைக்காதே. "பொங்கலுக்குள்ள சரியாயிட்டா மொட்டை போடுறேன்" என்று நேர்ந்துகொள்ளும்போது, தேதி வைப்பது சாமிக்கு என்று நினைக்கிறாய். அது உன் முட்டியின் தலையில் விழுகிறது. தேதி நெருங்க நெருங்க, வலித்தாலும் வலிக்கவில்லை என்பாய். வலிக்கிறது என்று ஒத்துக்கொள்வதே நம்பிக்கைக் குறைவு போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

முட்டியின் ஏ.சி.எல். ஜவ்வுக்குப் பதிலாக உன் தொடையிலிருந்தோ முட்டிச் சிப்பிக்குக் கீழிருந்தோ எடுத்து வைக்கிற நாண், உள்ளே போனவுடன் ஜவ்வாகிவிடாது. முதல் சில மாதங்களில் அது முன்னைவிடப் பலவீனமாகும். பிறகு மெல்ல மெல்லத்தான் முறுக்கேறும். வலி போய்விட்ட மாதமும் ஜவ்வு இறுகிய மாதமும் ஒன்றில்லை. ஏமாற்றுகிற இடம் இதுதான். 2016இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், அறுவைக்குப் பிறகு 9 மாதம் வரை களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் பாதியளவு குறைந்தது. ஒன்பது மாதத்தை ஆறாக்கித் தா என்று சாமியிடம் கேட்காதே. ஒன்பது மாதமும் தாக்குப்பிடிக்கிற மனசைக் கேள்.

காணிக்கை செலுத்த ஆசை இருந்தால் நல்லது. வைத்தீசுவரன் கோயிலில் வெள்ளித் தகட்டில் கால் செய்து போடுகிறார்கள். வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் அதே போலக் கைகால் உருவங்களைக் காணிக்கையாக்குகிறார்கள். ஒரே கடற்கரைப் பகுதிக்குள் மூன்று சாமிகளிடமும் ஒரே வெள்ளிக்கால் போய்ச் சேர்வதை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது. கால் எப்போது குணமாகிறதோ அப்போது போய்ப் போடு.

5. உடம்பால் செய்கிற வேண்டுதல்களை உடம்பு அனுமதிக்கும்வரை ஒத்திவை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறிவந்த காயம் மறுபடி கெடுவது பலநேரம் இங்கேதான்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலோடு பாதயாத்திரை போவது, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தையொட்டி வேளாங்கண்ணிக்கு நடப்பது, மாலை போட்டுச் சபரிமலை ஏறுவது எல்லாம் நாள்கணக்கில் தார்ச்சாலையிலும் கல்லிலும் காலை அடிக்கிற வேலை. கணைக்கால் எலும்பில் விரிசல் இருந்து ஆறிவருகிறவனுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. தோள்பட்டை இறங்கி ஏற்றியவன் அங்கப்பிரதட்சணம் செய்யக் கூடாது. தீமிதி இறங்க நினைக்கிற ஓட்டக்காரன் ஒரு வருஷம் தள்ளிப் போடலாம், மாரியாத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். பல ஊர்களில் பிள்ளைக்காக அப்பாவோ மாமாவோ வேண்டுதலைச் செலுத்துகிற வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்.

முட்டிச் சிப்பிக்குக் கீழிருந்து நாண் எடுத்தவர்களுக்கு முழங்காலிடுவது மாதக்கணக்கில் வலிக்கும், சிலருக்கு அதற்கப்புறமும் வலிக்கும். கோயிலில் நிற்பதோ தேவாலயத்தில் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிப்பதோ மரியாதைக் குறைவு ஆகாது. தொழுகையிலும் நோயாளிக்கு வழி இருக்கிறது. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் தொழலாம். நாற்காலியில் உட்கார்ந்து தலையால் சைகை செய்தால் போதும்.

நோன்பு பற்றி முஸ்லிம் பிள்ளைகள் என்னிடம் நிறையக் கேட்பதுண்டு. நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே விலக்குத் தருகிறது. விட்ட நாட்களைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம். அறுவை முடிந்த வாரங்களில் தசை கரையாமலிருக்கப் புரதமும் தண்ணீரும் நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துப் போக வேண்டும். உன் டாக்டர் சொல்வதை உன் பள்ளிவாசல் இமாமிடம் எடுத்துப்போய்ச் சொல். பெரும்பாலும் இமாம்தான் உன்னைவிட இலகுவாக இருப்பார். சஷ்டி விரதக்காரர்களும் தவக்கால ஒருசந்திக்காரர்களும் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். உபவாசத்தை முட்டைக்கும் பருப்புக்கும் மேலே வைக்கிற வருஷம் இது இல்லை.

6. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது தாயத்து, சிலுவைச் செயின், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். அந்த எந்திரம் பெரிய காந்தம். கலங்காமல் கழற்றி அம்மா கையில் கொடு. மறைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போவது ஆபத்து. வேரும் பொடியும் லேகியமும் யார் கொடுத்தாலும் கையில் வாங்கிக்கொள், வாயில் போடாதே. வலி உடனே போகும் என்று விற்கிற பொடிகளில் ஸ்டெராய்டு கலந்திருப்பது உண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், பிரசாதம் என்று நினைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உடம்பில் இருப்பதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்பதுதான் உலகம் முழுக்க விதி.

7. பயிற்சியையே பூசையாக்கு. பார்கமென்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல், துன்பத்தில் மனிதர்கள் கடவுளோடு நடந்துகொள்வதை மூன்று விதமாகப் பிரித்தார்கள். எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். எல்லாவற்றையும் அவன் பார்த்துக்கொள்வான் என்று கைகட்டி இருப்பவர் இன்னொருவர். கடவுளும் நானும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறோம் என்பவர் மூன்றாமவர். என் பிள்ளைகளில் நன்றாக எழுந்து வந்தவர்களைப் பார்த்தால், மூன்றாம் விதத்தவர்தான் அதிகம்.

பிசியோ சொல்லித்தருகிற பயிற்சி சலிப்பானது. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தொடையை இறுக்கு, பத்து எண்ணு, விடு. குதிகாலை இழு, நீட்டு. ஒற்றைக்காலில் நில். கைதட்ட யாரும் இல்லை. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. நன்றாக ஓடுகிற பிள்ளைகள் பலர் இங்கேதான் தோற்கிறார்கள். இந்த இடத்தில் பக்தியுள்ள பிள்ளைக்கு ஒரு பலம் இருக்கிறது. 41 நாள் மாலை போட்டுப் பழகியவனுக்கு, யாரும் பார்க்காதபோதும் விடிகாலையில் குளிரக் குளிரக் குளித்துப் பழக்கம். முப்பது நாள் நோன்பு பிடித்தவளுக்கு, தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருந்தும் தொடாமலிருந்து பழக்கம். தினமும் ஜெபமாலை சொல்கிற வீட்டுப் பிள்ளைக்கு, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதில் அலுப்பில்லை. உனக்கு அந்தப் பழக்கத்தை உன் மதம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. அதை முட்டிக்குக் கொடு. விளக்கேற்றும் நேரத்தோடும் தொழுகை நேரத்தோடும் பயிற்சி நேரத்தைச் சேர்த்து வைத்துக்கொள், தவறாது.

2022 டிசம்பர் 30ஆம் தேதி ரூர்க்கி அருகே கார் விபத்தில் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தின் வலது முட்டி ஜவ்வுகள் கிழிந்தன. 2024 மார்ச்சில் ஐ.பி.எல்.லில் மறுபடி களமிறங்கினார். செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக டெஸ்ட் சதம் அடித்தார். அதிசயம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த அதிசயத்துக்குள், தொலைக்காட்சியில் காட்டாத பதினான்கு மாதக் காலை வேளைகள் இருந்தன.

8. ஊன்றுகோலைத் தூக்கி எறி, கட்டை அவிழ், மாத்திரையை நிறுத்து என்று எந்தச் சாமியார் சொன்னாலும், எந்தப் போதகர் சொன்னாலும், எந்த ஹஜ்ரத் சொன்னாலும், எழுந்து வந்துவிடு.

9. குணமான பிறகு, "கடவுள் என்னைக் குணமாக்கினார்" என்று மேடையில் சொல்லும்போது, கூட்டத்தில் குணமாகாதவனும் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மறக்காதே.

பிரேசில் கால்பந்து வீரர் காக்கா 18 வயதில் நீச்சல்குளத்தில் விபத்துக்குள்ளானார். முதுகெலும்பில் முறிவு. நடக்கவே முடியாமல் போயிருக்கலாம். முழுதாகக் குணமானார், அது கடவுளின் செயல் என்று அன்றிலிருந்து சொல்லிவந்தார். 2007இல் ஏ.சி. மிலான் அணி சாம்பியன்ஸ் லீக் வென்ற இரவில், தான் இயேசுவுக்குச் சொந்தம் என்று எழுதிய சட்டையோடு மைதானத்தில் முழங்காலிட்டார். அந்த ஆண்டே பலோன் தோர் விருது. 2010இல் அதே காக்காவுக்கு முட்டியில் அறுவை. பழைய வேகம் அதற்குப் பிறகு முழுதாகத் திரும்பவில்லை. அவருடைய நம்பிக்கை அன்றும் அதேதான். முதுகு ஆறியது கடவுளின் செயல் என்றால், முட்டி ஆறாதது யார் செயல்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு படுத்திருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஃபப்ரீஸ் முவாம்பா காங்கோவில் பிறந்து இங்கிலாந்தில் ஆடிய கால்பந்து வீரர். 2012 மார்ச் 17ஆம் தேதி லண்டனில் போல்டன் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தபோது இதயம் நின்று விழுந்தார். 78 நிமிடம் இதயம் தானாகத் துடிக்கவில்லை. கூட்டத்திலிருந்த இதய மருத்துவர் ஒருவர் மைதானத்துக்குள் ஓடிவந்து உதவினார். நாடு முழுக்க அவருக்காக ஜெபித்தது. பிழைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், 24 வயதில், விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார். ஹாம்லின் களத்துக்குத் திரும்பினார். முவாம்பா வீட்டுக்குத் திரும்பினார். இருவருக்கும் ஜெபித்தவர்கள் ஒரே மாதிரி மனசு உருகித்தான் ஜெபித்தார்கள்.

அதனால் நன்றி சொல்லும்போது நிறையப் பேருக்குச் சொல். கடவுளுக்குச் சொல், அறுத்த டாக்டருக்குச் சொல், பிசியோவுக்குச் சொல், பஸ்ஸில் உன்னைத் தாங்கிக் கூட்டிப்போன அக்காவுக்குச் சொல். என் நம்பிக்கை பெரியது, அதனால் குணமானேன் என்று மட்டும் சொல்லாதே. அது நன்றி இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவனுக்கு அது அடி.

10. பயம் நம்பிக்கைக் குறைவு இல்லை. ஒரு வருஷம் கழித்து முதல் தடவை நீளம் தாண்ட ஓடிவரும்போது, பலகைக்கு முன்னால் கால் தானாகத் தயங்கும். மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள், சிலுவை போட்டுக்கொள், பிஸ்மில்லாஹ் சொல். அவை மனசை நிலைப்படுத்தும். கால் தயாரா என்பதை அவை சொல்லாது. ஒற்றைக்கால் தாவலில் அடிபட்ட கால், நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது போகிறதா என்று பிசியோ அளந்து பார்ப்பார். அந்த அளவு வந்த பிறகும் பயம் இருந்தால் வெட்கப்படாமல் சொல். மனசுக்கான பயிற்சியும் இருக்கிறது.

11. பயிற்சியாளராக ஆகப்போகிற பிள்ளைகளுக்கு: உன் அணியில் கும்பிடாத பிள்ளையும் இருக்கும். அடிபட்டுக் கிடக்கும்போது அதை வளைத்துப் பிடித்து வேண்டுதல் வைக்கச் சொல்லாதே. "கடவுள் நம்பிக்கை இருந்தா வலியோட ஆடு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதே. கோப்பைக்கு ஆசைப்படுவது நீ. அதைச் சாமி பேரில் கேட்பது பெரிய தப்பு.

12. எல்லோரும் களத்துக்குத் திரும்புவதில்லை. சிலருக்கு உடம்பு வேறு விதமாகி, விளையாட்டும் வேறு விதமாக வந்து சேரும். சேலம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து மேலேறி வலதுகால் நசுங்கியவர். அந்தக் கால் வளரவேயில்லை. ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரீஸில் வெண்கலம். ஆனால் மாரியப்பனைக் காட்டி யாரையும் விரட்டவும் வேண்டாம். பதக்கம் வாங்காமல், கடை வைத்தோ ஆட்டோ ஓட்டியோ அமைதியாக வாழ்கிற முன்னாள் வீரனின் வாழ்க்கையும் முழு வாழ்க்கைதான்.

விடுதியை விட்டு ஊருக்குப் போய்விட்ட அப்படி ஒரு தோழனோ தோழியோ உனக்கும் இருப்பார்கள். முதல் மாதம் கூட்டமாகப் போய்ப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் போட்டி வந்தது, பரீட்சை வந்தது, போகவில்லை. உன் வேண்டுதலில் அவர்கள் பேரைச் சேர்த்திருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இப்போது தேவை பேச ஓர் ஆள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம், கூட உட்கார்ந்திரு. இந்த ஞாயிற்றுக்கிழமையே போ.